ஏரித்தைத் திரும்பக் கேட்டவர்கள்: ஒரு வீடியோ கேம் மரணமும் அதை ஏற்க மறுத்த ரசிகர்களும்

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ மூன்று குறுந்தகடுகள் கொண்ட கேம். முதல் தகடு முடியும் தறுவாயில், கதையின் நாயகி என்று விளையாடுபவர் அதுவரை நம்பியிருந்த ஏரித் கெய்ன்ஸ்பரோ கொல்லப்படுகிறாள். எஞ்சிய இரண்டு தகடுகளில் அவள் உயிரோடு திரும்புவதில்லை. அவளை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று ரசிகர்கள் இயக்குநர் யோஷினோரி கிட்டாசேயிடம் மனு அளித்தார்கள். மனு எதுவும் எழுதாத வேறு பலர், அவளை உயிர்ப்பிக்கும் வழி கேமுக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கேமை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனம் இணங்கவில்லை; அப்படி ஒரு வழியும் கேமில் இல்லை.

இந்த நிகழ்வைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக இவ்வளவு ஆற்றாமையா என்று வியப்பது ஒன்று. கதை அந்த அளவுக்கு உயிரோட்டத்துடன் எழுதப்பட்டிருந்தது என்று பாராட்டுவது மற்றொன்று. பாராட்டில் உண்மை உண்டு என்றாலும், நன்றாக எழுதப்பட்ட மரணங்கள் எல்லாமே மனுக்களைப் பிறப்பித்துவிடுவதில்லை. ஏரித்தை மீட்க முடியும் என்று ரசிகர்கள் நம்பியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதும், அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே ஸ்கொயர் நிறுவனத்தின் முந்தைய கேம்கள்தான் என்பதும் என் வாதம்.

கொலை நடந்த விதம்

மிட்கார் என்னும் இரும்பு நகரத்தின் அடியில், வெயில் விழாத சேரியில் வாழும் ஏரித் பூ விற்பவள். செடி முளைக்காத அந்த மண்ணில், ஐந்தாம் பகுதியின் பாழடைந்த தேவாலயத்துக்குள் தரைப்பலகைகள் பெயர்ந்த இடத்தில் மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள் பூக்கின்றன. அவற்றை வளர்ப்பவள் அவளே. கோளின் குரலைக் கேட்கக்கூடிய செட்ரா என்னும் தொன்மையான இனத்தில் எஞ்சியிருக்கும் கடைசிப் பெண் அவள் என்பது பின்னர்தான் தெரியவருகிறது. விண்கல் ஒன்றை வரவழைத்துக் கோளைக் காயப்படுத்தத் துடிக்கும் செஃபிரோத்தைத் தடுக்கவல்ல ஒரே மந்திரம் ‘ஹோலி’. அதை அழைக்க, தலைமுடியில் செருகியிருக்கும் வெள்ளை மட்டீரியா என்னும் மந்திரக் கல்லோடு அவள் யாரிடமும் சொல்லாமல் தனியே புறப்படுகிறாள்.

மறக்கப்பட்ட நகரத்தின் அடியாழத்தில், நீர் சூழ்ந்த ஒரு பீடத்தின்மேல் அவள் மண்டியிட்டுப் பிரார்த்தித்துக்கொண்டிருக்கும்போது நாயகன் கிளவுட் அவளை நெருங்குகிறான். இந்த இடத்தில் கேம் செய்யும் ஒரு காரியத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கட்டுப்பாடு விளையாடுபவரின் கையில்தான் இருக்கிறது; ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கிளவுட் பின்வாங்குவதில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவன் உடல் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, கடைசியில் அவளுக்கு எதிராகவே வாளை ஓங்குகிறது. தோழர்கள் கத்திய பிறகே அவன் தன்னிலைக்கு வருகிறான். அவள் கண்திறந்து அவனைப் பார்க்கும் நொடியில் செஃபிரோத் மேலிருந்து இறங்கி, நீண்ட வாளை அவள் உடலில் பாய்ச்சுகிறான். அவள் கூந்தலிலிருந்து நழுவிய வெள்ளைக் கல் படிகளில் துள்ளித் துள்ளி விழுந்து நீரில் அமிழ்கிறது.

அடுத்த கணமே ஒரு சண்டை தொடங்குகிறது. அந்தக் கேமில் சண்டை என்றால் அதற்குரிய இசை வேகமெடுக்கும். இங்கே அது நடப்பதில்லை. நொபுவோ உவெமாட்சு ஏரித்துக்காக அமைத்த மெல்லிய பியானோ இசை, சண்டை முழுவதும் இடையறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வழக்கமான கட்டளைகளைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல அடித்துக்கொண்டிருக்கும் கைகளுக்கும், காதில் விழும் இசைக்கும் சம்பந்தமே இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தாம், என் கணிப்பில், ரசிகர்களின் மனத்தில் இந்த மரணத்தை ஆழமாகப் பதித்தவை. அதன்பின் கிளவுட் அவளைத் தூக்கிச் சென்று ஏரியில் இறங்கி, கைகளைத் தளர்த்தி நீரில் விடுகிறான். முதல் தகடு முடிகிறது.

இழப்பு கதையோடு நிற்கவில்லை. சண்டையில் மூவர் மட்டுமே இறங்கக்கூடிய கேமில், காயங்களை ஆற்றும் வேலைக்கு ஏரித்தையே பலர் வைத்திருந்தார்கள். அவளுடைய தடிகளை வேறு யாரும் ஆயுதமாக ஏந்த முடியாது. அவளுக்கே உரிய, ‘லிமிட் பிரேக்’ என்னும் சிறப்பு ஆற்றல்கள் வேறு யாருக்கும் வராது. அவற்றுள் மிக உயர்ந்ததான ‘கிரேட் காஸ்பல்’, கதைப்போக்கில் தானாகக் கிடைப்பது அன்று. வழியிலிருந்து விலகி, மித்ரில் என்னும் உலோகத்தைத் தேடிப் பெற்று, அதைக் கொடுத்து வாங்க வேண்டியது. அவள் இறப்பதற்குள்ளாகவே அதைப் பெற்றுவிட வாய்ப்பு உண்டு. அத்தனை பாடுபட்டுப் பெறும் ஆற்றலை, முதல் தகட்டிலேயே சாகப்போகிற ஒருத்திக்கு எவராவது வைத்திருப்பார்களா என்ற கேள்வி விளையாடியவர்களின் மனத்தில் எழுந்தது. அது நியாயமான கேள்வியே.

முந்தைய கேம்கள் கற்பித்தவை

‘ஃபைனல் ஃபேன்டஸி’ தொடரில் சண்டையில் வீழ்ந்தவரை எழுப்ப ‘பீனிக்ஸ் டவுன்’ என்ற பொருள் உண்டு. கடையில் மலிவாகவே கிடைக்கும். அதை ஏரித்துக்கு ஏன் பயன்படுத்தவில்லை என்பது இன்றுவரை கேட்கப்படும் கேள்வி. சண்டையில் வீழ்வது மயக்கம், கதையில் இறப்பது மரணம் என்று அதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கோட்டைத் தொடரே சீராக மதித்ததா என்று பார்த்தால், வேறு படம் கிடைக்கிறது.

1991இல் வெளியான நான்காம் கேமில், நெருங்கிவரும் சுவர்களிடமிருந்து நண்பர்களைக் காக்கப் பாலோம், போரோம் என்ற இரட்டைக் குழந்தைகள் தங்களைத் தாங்களே கல்லாக்கிக்கொள்கிறார்கள். அவர்களாகவே விரும்பிச் செய்ததால் மந்திரத்தால் மீட்க இயலாது என்று அப்போதே சொல்லப்படுகிறது. பின்னர் அவர்கள் மீட்கப்படுகிறார்கள். பீரங்கியைத் தகர்க்கத் தன்னந்தனியாய்ப் பின்தங்கிய யாங் உயிரோடு கிடைக்கிறான். வெடிகுண்டோடு வான்கப்பலிலிருந்து குதித்த சிட் படுக்கையில் கிடந்து புலம்புகிறான். உண்மையில் மாண்டவர் என்று அந்தத் தோழர்களில் எஞ்சுவது முதிய மந்திரவாதி டெல்லா ஒருவரே.

1994இல் வெளியான ஆறாம் கேம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மிதக்கும் கண்டம் இடிந்து விழும்போது, தப்பிக்க ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விளிம்புக்கு வந்ததும் உடனே குதித்துவிட்டால், பின்னால் வந்துகொண்டிருக்கும் ஷேடோ நிரந்தரமாக இறந்துவிடுகிறான். குதிக்காமல், கடைசி ஐந்து வினாடி வரை காத்திருந்தால் அவன் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறான். அதே கேமில், சிட் என்றே பெயர்கொண்ட வேறொரு நோயுற்ற முதியவர் பிழைப்பதும் மடிவதும் விளையாடுபவர் பிடித்துக்கொடுக்கும் மீன்களின் தரத்தைப் பொறுத்தது. ஆக, ஒரு பாத்திரத்தின் உயிர் யாரும் சொல்லித்தராத ஒரு செயலில் தங்கியிருக்கலாம் என்பது, ஸ்கொயர் தன் ரசிகர்களுக்கு உண்மையிலேயே கற்பித்த பாடம். அதே ஆறாம் கேமில் கொல்லப்படும் தளபதி லியோவையும் எழுப்ப முடியும் என்ற வதந்தி, ஏரித் பிறப்பதற்கு முன்பே உலவியது.

இதற்கு நேர் எதிரான பாடமும் தொடரில் உண்டு. 1992இல் வெளியான ஐந்தாம் கேமில், தன் உயிர்ப்புள்ளிகள் பூஜ்யமான பின்னும் விழாமல் நின்று போரிடும் முதியவர் கலுஃப் இறுதியில் சாய்கிறார். நண்பர்கள் அவர்மேல் குணமாக்கும் மந்திரங்களைச் செலுத்துகிறார்கள். பீனிக்ஸ் டவுனையும் பயன்படுத்துகிறார்கள். எதுவும் பலிப்பதில்லை. கருவிகள் தோற்கும் இடம் எது என்பதைத் திரையிலேயே காட்டிவிட்டு, அவருடைய ஆற்றல்களைப் பேத்தி கிரைலுக்குக் கொடுத்துக் கேம் நகர்கிறது. இரண்டாம் கேமிலும் தோழர்கள் மீளாமல் இறப்பது உண்டு.

நிகழ்வைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவதாக நான் கருதும் செய்தி இதுதான்: 1997க்கு முன் அமெரிக்காவுக்கு நான்காம் கேமும் ஆறாம் கேமும் சென்றன; முறையே இரண்டு, மூன்று என எண் மாற்றி விற்கப்பட்டன. ஐந்தாம் கேம் 1999 வரையிலும், உண்மையான இரண்டாம் கேம் 2003 வரையிலும் அங்கே வெளிவரவில்லை. ஆகவே 1997 செப்டம்பரில் ஏழாம் கேமைக் கையில் எடுத்த அமெரிக்க ரசிகர் ஒருவர் இந்தத் தொடரைப் பற்றி அறிந்திருந்தது, இறந்தவர்கள் திரும்புவார்கள் என்பதும், பொறுமையாகக் காத்திருந்தால் சாவைத் தவிர்க்கலாம் என்பதுமே. பீனிக்ஸ் டவுன் தோற்றுப்போகும் காட்சியை அவர் பார்த்ததே இல்லை. ஏழாம் கேமிலோ, ஏரித்தின் உடலருகே ஒருவரும் எதையும் முயன்று பார்ப்பதில்லை. முயலாத ஒன்று தோற்றதாக எப்படி எடுத்துக்கொள்வது?

ஏழாம் கேமும் தன் பங்குக்குத் தேடலை ஊக்குவித்தது. யூஃபி, வின்சென்ட் என்ற இரண்டு தோழர்களைத் தேடிப் போகாதவர் சந்திக்காமலேயே கேமை முடித்துவிடலாம். ஒருத்தி காடுகளில் திடீரென எதிர்ப்படுபவள், மற்றவன் நிபெல்ஹைம் மாளிகையில் இரும்புப் பெட்டகத்தின் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்த பிறகே கிடைப்பவன். இரண்டு தோழர்களை இப்படி ஒளித்துவைத்த கேமில், மூன்றாவதாக ஒருத்தியையும் ஒளித்துவைத்திருப்பார்கள் என்று எண்ணுவது மூடநம்பிக்கை ஆகாது.

தேடலும் மனுவும்

தேடியவர்களுக்குச் சில தடயங்களும் கிடைத்தன. கதையின் பிற்பகுதியில் மிட்காருக்குள் நுழையும் சாவியைத் தோண்டி எடுத்து, ஐந்தாம் பகுதித் தேவாலயத்துக்குத் திரும்பிச் சென்றால், பூக்களருகே ஏரித்தின் உருவம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. கேம் அதற்கு விளக்கம் ஏதும் தருவதில்லை. கேம்ஷார்க் போன்ற ஏமாற்றுக் கருவிகளைப் பொருத்தி, அவளை வலிந்து அணியில் சேர்த்துப் பார்த்தவர்கள், அவள் இருக்கவே கூடாத சில இடங்களில் அவளுக்கு வசனம் இருப்பதைக் கண்டார்கள். உருவாக்கத்தின்போது எழுதப்பட்டு அழிக்காமல் விடப்பட்ட வரிகள் எந்தக் கேமிலும் இருக்கக்கூடியவை. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு அது சாட்சியாகவே தோன்றும். இதைப் பயன்படுத்திக்கொண்டு, நிறுவனத்தின் உள்வட்டாரத்திலிருந்து தகவல் வந்ததாகப் புனைந்தவர்களும், கேமின் திரைக்காட்சிகள் என்று போலிப் படங்களை உருவாக்கி உலவவிட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் புனைவுகளை நம்பி மீண்டும் முதல் தகட்டிலிருந்து தொடங்கி, அவளை உயர்ந்த நிலைக்கு வளர்த்து, அதே பீடத்துக்கு அழைத்துச்சென்று மறுபடியும் பறிகொடுத்த இளைஞர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாகவே இருக்கிறது. அவர்களுடைய ஆசையோடு விளையாடியது கொடுமை.

மனு எழுந்தது இந்தச் சூழலில்தான். ஜப்பானில் இதற்கு முன்னோடியாகச் சொல்லக்கூடிய ஒரு நிகழ்வு உண்டு. குத்துச்சண்டையைப் பற்றிய ஒரு மாங்காத் (ஜப்பானியப் படக்கதை) தொடரில் ரிகிஷி தோரு என்ற பாத்திரம் இறந்தபோது, 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் பதிப்பகத்தின் கட்டடத்திலேயே அவனுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. நாடகாசிரியர் ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்திய அச்சடங்கில் ஏறத்தாழ 700 பேர் கலந்துகொண்டார்கள். அந்த வாசகர்கள் பிரிவை ஏற்று விடைகொடுத்தார்கள். ஏரித்தின் ரசிகர்கள் விடைகொடுக்க மறுத்தார்கள். வேறுபாடு தலைமுறையிலோ முதிர்ச்சியிலோ இல்லை என்பது என் துணிபு. ரிகிஷி குத்துச்சண்டை வளையத்தில் வீழ்ந்தபோது வாசகர் கையில் பக்கம் மட்டுமே இருந்தது. ஏரித் வீழ்ந்தபோது விளையாடுபவர் கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. நினைவட்டையில் அவள் உயிரோடு இருந்த நேரத்தின் பதிவும் இருந்தது. எந்தத் தோல்வியையும் அந்தப் பதிவுக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யலாம் என்பதே வீடியோ கேம் என்ற வடிவத்தின் முதல் விதி. அந்த விதிக்கு மட்டும் இங்கே விலக்கு ஏன் என்று மனு கேட்டது.

படைத்தவர்களின் பக்கம்

பாத்திர வடிவமைப்பாளர் தெட்சுயா நொமுரா சொல்லியிருப்பதன்படி, தொடக்கத் திட்டத்தில் முதன்மைப் பாத்திரங்கள் கிளவுட், பாரெட், ஏரித் என மூவரே. கதையில் ஒருவர் இறக்க வேண்டும் என்று அவர் கிட்டாசேயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். பாரெட் இறப்பது எவரும் ஊகித்துவிடக்கூடியது என்பதால் ஏரித் தேர்ந்தெடுக்கப்பட்டாள்; டீஃபா என்ற இன்னொரு நாயகி அதன்பின் சேர்ந்தாள்.

கிட்டாசேயின் விளக்கம் ஆழமானது. உலகத்துக்காகத் தன்னைத் தியாகம் செய்து, காதலிக்குக் கடைசி வார்த்தை சொல்லிவிட்டுச் சாகும் நாடகத்தன்மையான மரணங்களில் அவருக்கு உடன்பாடு இல்லை. உண்மை வாழ்வில் மனிதர்கள் நோயிலும் விபத்திலும் முன்னறிவிப்பின்றி இறக்கிறார்கள்; எஞ்சுவது வெறுமையும், இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் வேறுவிதமாக நடந்திருப்பேனே என்ற ஏக்கமும் மட்டுமே; அந்த உணர்வைத்தான் தர விரும்பினேன் என்ற பொருளில் 2003இல் ஒரு நேர்காணலில் பேசினார். தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சியின் தாயார் மூன்றாம் கேம் உருவாகிக்கொண்டிருந்தபோது காலமானார். உயிர் என்பது என்ன, அது எங்கே போகிறது என்ற கேள்வி அதன்பின் அவரை விடவில்லை. இறந்தவர்களின் உயிர் கோளுக்குள் ஓடும் உயிரோடையில் கலக்கிறது என்ற ஏழாம் கேமின் அடிப்படைக் கற்பனை அங்கிருந்தே வளர்ந்தது.

இந்த விளக்கங்களை வைத்துப் பார்த்தால், மனுவை ஏற்காதது சரியான முடிவு. ஏரித்தின் பிரார்த்தனை வீணாகவில்லை என்பது பின்னால் தெரியவருகிறது. ஹோலி ஏற்கெனவே அழைக்கப்பட்டுவிட்டது, செஃபிரோத் அதைத் தடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவே. கடைசியில் கோளைக் காப்பது உயிரோடை. அந்த ஓடையில் அவளும் இருக்கிறாள். அவளை எழுப்பிவிட்டால் கதையின் இந்த அச்சே முறிந்துவிடும். ரசிகர்கள் அவளுடைய மரணத்தை எளிதாக ஏற்றுக்கொண்டிருந்தால், அது பாத்திரப்படைப்பின் தோல்வியாகவே இருந்திருக்கும் என்ற பொருளில் நொமுரா பின்னாளில் கூறினார். அவர் சொல்வது மெய். ஆனால் வெறுமையை உணரச்செய்வதே நோக்கம் என்றால், அந்த வெறுமையிலிருந்து எழுந்த கோரிக்கையும் அந்தக் கேமின் விளைவே. மனு எழுதியவர்கள் கேமைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் அல்லர்.

மறுப்புக்குப் பின்

அந்த ஒரு கதையில் மட்டும் உறுதியாக மறுத்த நிறுவனம், வேறு வாசல்களைத் தாராளமாகவே திறந்தது. 2002இல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ கேமில் ஏரித் உயிரோடு உலாவுகிறாள். 2005இல் வந்த ‘அட்வென்ட் சில்ட்ரன்’ திரைப்படத்தில் ஆவியாய் வந்து கிளவுடுக்கு ஆறுதல் சொல்கிறாள். 2007இன் ‘கிரைசிஸ் கோர்’ அவளுடைய இளமைக் காலத்தைக் காட்டியது. 1998இல் கணினிப் பதிப்பு வெளிவந்த பின்னர், மூலக் கோப்புகளைத் திருத்தி அவளை இறுதிவரை அணியில் வைத்துக்கொள்ளும் வழிகளை ரசிகர்களே உருவாக்கிக்கொண்டார்கள்.

கோரிக்கை மறுபடியும் சூடுபிடித்தது, 2015இல் அறிவிக்கப்பட்ட மறு ஆக்கம் 2020 ஏப்ரல் 10 அன்று வெளியானபோது. அதில் பழைய கதையிலிருந்து நிகழ்ச்சிகள் விலகும்போதெல்லாம் முக்காடிட்ட சாம்பல்நிற உருவங்கள் குறுக்கே வந்து, விதியைப் பழைய தடத்துக்கே தள்ளுகின்றன. இறுதியில் கிளவுடும் நண்பர்களும் அந்த விதிக்காவலர்களையே வென்றுவிடுகிறார்கள். மூலக்கதையில் மாண்ட ஸாக் வேறோர் உலகில் உயிரோடு நடப்பது காட்டப்படுகிறது. விதி மாறலாம் என்று நிறுவனமே இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னபின், ஏரித்தைக் காப்பாற்றலாம் என்று ரசிகர்கள் நம்பியதை யார் குறை சொல்ல முடியும்?

இரண்டாம் பாகமான ‘ரீபர்த்’ 2024 பிப்ரவரி 29 அன்று வந்தது. அதே பீடம், அதே பிரார்த்தனை. இம்முறை கிளவுடின் வாள் செஃபிரோத்தின் வாளைத் தட்டிவிடுகிறது, மறுகணம் காட்சி நடுங்கி, அவள் உடலில் இரத்தம் தெரிகிறது, மீண்டும் மாறுகிறது. நண்பர்கள் அவளை இழந்து அழுகிறார்கள். கிளவுடின் கண்ணுக்கு மட்டும் அவள் அருகிலேயே நின்று பேசுகிறாள். எது நடந்தது என்பதைக் கேம் தீர்த்துச் சொல்வதில்லை. காட்சியமைப்பின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனாலும், 1997இன் மறுப்பில் இருந்த நேர்மை இதில் குறைவு என்றே எண்ணுகிறேன். முன்பு துக்கம் இருந்தது, இசை இருந்தது, அடக்கம் இருந்தது. இப்போது கிளவுடுக்கு எது உண்மை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனத்துக்கு அழ நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாம் பாகம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அவள் பிழைத்தாள் என்று அது சொன்னால், பழைய மனுவின் கோரிக்கை நிறைவேறும், கிட்டாசே அன்று சொன்ன காரணம் கைவிடப்படும். பிழைக்கவில்லை என்று சொன்னால், ரசிகர்கள் மறுபடியும் ஒருமுறை அவளை இழப்பார்கள். இரண்டில் எது வந்தாலும் அதைத் தெளிவாகச் சொல்லும் கடன் அந்தக் குழுவுக்கு இருக்கிறது.